வடிவாக வரைகிறீர்கள், ஆனால் ஒன்றும் அசையவில்லை

கேள்வி:

வணக்கம் அக்கா. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சித்திரம் படித்தேன். பட்டம் கிடைத்து ஒன்பது மாதம். சின்ன வயதிலிருந்து கார்ட்டூன் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்காகவே கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வேறு இரண்டு பிள்ளைகளோடு ஒரு அறையில் இருக்கிறேன். இதுவரை 38 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பதில் வந்தது நான்கு இடத்திலிருந்துதான். ஒன்றில் அனுபவம் இல்லை என்றார்கள். இன்னொன்றில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வரச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் டெஸ்ட் என்று 30 செக்கன் வீடியோ கேட்டார்கள். பத்து நாள் நித்திரை முழித்துச் செய்து அனுப்பினேன், பிறகு சத்தமே இல்லை. நான்காவது இடத்தில் சிங்களம் எப்படி என்று கேட்டார்கள். என் சிங்களம் பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கும் அளவுதான். ஒரு தனியார் நிலையம் ஒரு வருட அனிமேஷன் டிப்ளோமாவுக்கு நான்கரை இலட்சம் கேட்கிறது. சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அம்மா சித்திர ரீச்சர் நியமனத்துக்குப் போடச் சொல்லி ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறா. இனி எல்லாம் ஏஐ செய்துவிடும், இது வீண் வேலை என்கிறார் அத்தான். என் படங்கள் உள்ள இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்ய?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புத் தங்கச்சி,

முதலில் உங்கள் இணைப்பைத்தான் திறந்தேன். கடிதத்தை ஆறுதலாக வாசித்தது பிறகுதான். ஆள் எடுக்கிற இடங்களிலும் அதுதான் நடக்கும். கடிதத்தை யாரும் வாசிப்பதில்லை, இணைப்பை எல்லோரும் அழுத்துவார்கள்.

31 படங்கள் இருந்தன. எண்ணெய் வர்ணத்தில் உருவப்படங்கள், வாவிக்கரை, கூத்து உடுப்போடு ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். கடைசியில், ஏதோ இடம் மிச்சம் என்று போட்டதுபோல, ஆறு பென்சில் கோட்டுப்படங்கள். பஸ் நிலையத்தில் காத்திருக்கிற பெண்கள். அதில் ஒரு அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மற்றக் காலின் மேல் போட்டிருக்கிறா. களைப்பு முழுவதும் அந்தப் பாதத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். எண்ணெய் வர்ணப் படங்களைப் போல வரைய நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாதத்தைக் கண்ட கண் எல்லோரிடமும் இல்லை.

ஆனால் 31இல் ஒன்றுகூட அசையவில்லை. 38 இடத்துக்கும் இதையேதான் அனுப்பியிருந்தால், 34 இடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உங்கள் திறமையுமல்ல, உங்கள் ஊருமல்ல. தச்சு வேலை கேட்டுப் போனவர் நல்ல மரக்குற்றி ஒன்றைக் காட்டிவிட்டு வந்தமாதிரி இருக்கிறது. குற்றி தரமானதுதான். கதிரை எங்கே என்று கேட்பார்கள்.

எங்கள் அனிமேஷன் தொழிலில் விற்பனைக்கு இருப்பது நேரம். ஒரு செக்கனுக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையால் வரையும்போது பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவோம், ஆகவே செக்கனுக்கு 12 படம். கணக்கு சுலபம். அந்த 12 படத்தையும் எங்கே வைப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒருவர் தலையைத் திருப்புகிறார் என்று வையுங்கள். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், இடையில் அடிமட்டம் வைத்து அளந்ததுபோல மிச்சப் படங்களைப் போட்டால், மேசை விசிறி திரும்புவதுபோல இருக்கும். மனிதர் அப்படித் திரும்புவதில்லை. கண் முதலில் போய்விடும். இமை ஒருதரம் மூடும். நாடி சற்றுக் கீழே இறங்கி வளைந்து மறுபக்கம் ஏறும். தொடங்குமிடத்தில் படங்கள் நெருக்கமாக, நடுவில் ஐதாக, முடியுமிடத்தில் திரும்ப நெருக்கமாக இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவருக்கு வட்டத்தில் இரண்டு புள்ளி போட்ட முகமே போதும். தெரியாதவர் ரவிவர்மா மாதிரி வரைந்தாலும் ஸ்டூடியோவில் வேலை இல்லை.

வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்கள், இரவில் ஒரு கொத்துரொட்டிக் கடை வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். கேட்டுவிட்டு, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். அறைக்குப் போய் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். தகடு கல்லில் படுவதற்கு முன் தோள் எங்கே இருக்கிறது, இடுப்பு எங்கே இருக்கிறது என்று. கைதான் கொத்துகிறது என்று நினைத்திருப்பீர்கள். தோளும் இடுப்பும் முதலில் புறப்பட்டுவிடும், கை பின்னால் இழுபட்டு வரும். இதற்கு எந்த டிப்ளோமாவும் தேவையில்லை. ஒரு கொத்துக் காசு போதும், அதையும் சாப்பிட்டுவிடலாம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் பெரிய இடத்திலிருந்து புத்தி சொல்வதாக நினைப்பீர்கள். நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. 2003இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஸ்டோரிபோர்ட், அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக, வரையச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கப் பற்பசை, சவர்க்காரம், மா. ஒரு சட்டகம்கூட அசைக்கக் கிடைக்கவில்லை. அங்கே வயதான சிங்களவர் ஒருவர் இருந்தார். காகிதத்தில், கீழே வெளிச்சம் எரிகிற மேசையில் வரைந்து பழகியவர். மதிய நேரத்தில் அவரிடம் போய் நிற்பேன். முதல் வேலையாக ஒரு ஆள் மூட்டை தூக்குவதை வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். தாள்களை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு "பர மதி, நங்கி" என்றார். பாரம் போதாது, தங்கச்சி. திருப்பி வரைந்தேன். பர மதி. இப்படியே மூன்று கிழமை. நான் மூட்டையைப் பெரிதாக்கினேன், மேலே சாக்குச் சுருக்கங்கள் எல்லாம் போட்டேன், நிழல் போட்டேன். பர மதி.

கடைசியில் ஒருநாள் என்னைப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு அனுப்பினார். நாட்டாமிமார் அரிசி மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் நின்றேன். அப்போதுதான் கண்டேன். தூக்குவதற்கு முன் அவர் இன்னும் கீழே போகிறார். மூட்டை முதுகில் ஏறியதும் உடம்பு நிமிர முன்னர் ஒருதரம் அமர்கிறது. அதற்குப் பிறகு வைக்கிற அடிகள் குட்டையாகின்றன, தலை முன்னே போகிறது. பாரம் மூட்டையில் இல்லை, தூக்குகிற ஆளின் முழங்காலில் இருக்கிறது. அடுத்த நாள் வரைந்து கொடுத்ததைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். இன்றைக்கும் யாராவது வேலை அனுப்பினால் என் வாயில் முதலில் வருவது அந்த இரண்டு சொல்தான்.

இனி வேலை எங்கே இருக்கிறது என்ற விஷயம். நீங்கள் "அனிமேட்டர்" என்ற சொல்லைப் போட்டுத் தேடுகிறீர்கள் என்று தெரிகிறது. கொழும்பில் அந்தப் பெயரில் விளம்பரம் குறைவு. முழுநீளப் படம் இங்கே இல்லவே இல்லை என்றில்லை. கமிலஸ் பெரேராவின் பத்திரிகைக் கார்ட்டூனில் இருந்து வந்த கஜமன் 2023இல் முப்பரிமாணப் படமாகத் திரைக்கு வந்தது. ஆனால் சோறு போடுகிற வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. விளம்பர நிறுவனங்களில் எழுத்தையும் சின்னங்களையும் அசைக்கிற மோஷன் கிராபிக்ஸ். தொலைக்காட்சிகளின் கிராபிக்ஸ் பகுதி. வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் சமூக ஊடக வீடியோ செய்கிற சின்னச் சின்னக் கடைகள். தொண்டு நிறுவனங்களுக்கும் திணைக்களங்களுக்கும் விழிப்புணர்வு வீடியோ செய்பவர்கள்: டெங்கு, உரம், பிள்ளைகளின் போசாக்கு. வெளிநாட்டுத் தொடர்களுக்குப் பகுதி வேலை எடுத்துச் செய்கிற ஸ்டூடியோக்கள். கட்டடக் கொம்பனிகளுக்கு இன்னும் கட்டாத மாடிவீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள். முதல் இரண்டு வருடம் இதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பற்பசையும் அசையத்தான் வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது, நீங்கள் அதைக் காணவில்லை. விழிப்புணர்வு வீடியோ என்றால் இங்கே மூன்று மொழியிலும் வேண்டும். பல இடங்களில் தமிழ்ப் பதிப்பு கடைசி இரவில், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரால், ஒட்டி வெட்டிச் செய்யப்படுகிறது. "கொ" என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் எழுத்தமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்குரியதாக மாற்றாவிட்டால் இப்படித்தான் வரும். அமைப்புகளுக்குள் போய் மாற்றுகிற ஒரு சின்ன விஷயம், அறியாதவர்களுக்கு ஒரு இரவுத் தலையிடி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதி வந்த வசனத்தை யூனிகோடாக மாற்றத் தெரியாமல் முழு வரியும் ஆங்கிலக் குப்பையாக ஒளிபரப்பானதையும் கண்டிருக்கிறேன். இந்த ஊரில் பெயர்ப்பலகைத் தமிழைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோமே, அந்தச் சிரிப்பில் ஒரு சம்பளம் இருக்கிறது. தமிழ் எழுத்தைப் பிழையில்லாமல், வடிவாக, அசைத்துக் காட்டும் பத்து செக்கன் ஒன்று உங்களிடம் இருந்தால், சிங்களம் குறைவு என்று சொன்ன அந்த இடமே வேறு விதமாகக் கதைக்கும்.

வாய் அசைவும் அப்படித்தான். இணையத்தில் கிடைக்கிற உதட்டு வரைபடங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்குச் செய்தவை. அதை அப்படியே தமிழ்க் குரலுக்குப் போடுகிறார்கள். எங்களுக்கு வரைபடம் தொல்காப்பியத்துப் பிறப்பியலிலேயே இருக்கிறது: உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவியும், வகரத்துக்குப் பல்லும் இதழும் சேரும். அதோடு ப, ம இரண்டுக்கும் உதட்டை மூடியே ஆகவேண்டும். மற்றவற்றில் ஏய்க்கலாம், இதில் ஏலாது. ஆனால் புதியவர்கள் சறுக்குவது குற்றியலுகரத்தில். கண்ணாடிக்கு முன் நின்று "காசு", "வீட்டுக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவிகிறதா? குவியாது. "பசு", "குரு" என்று சொல்லுங்கள், குவியும். எழுத்தில் உகரம் கண்ட இடமெல்லாம் உதட்டைக் குவித்தால், பாத்திரம் வசனத்துக்கு வசனம் முத்தம் கொடுப்பதுபோல இருக்கும். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் எதற்கு என்று நொந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. இருபது வருடம் கழித்து அதுதான் கைகொடுத்தது.

ஆகவே நான் சொல்லப்போகும் வேலை இது. மூன்று மாதம் விண்ணப்பம் போடுவதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மூன்றே துண்டு செய்யுங்கள், எல்லாம் சேர்த்து 45 செக்கனைத் தாண்டக்கூடாது.

முதலாவது நடை. ஒருவர் சாதாரணமாக நடந்தால் ஒரு அடிக்கு ஏறத்தாழ 12 சட்டகம், இரண்டு அடிக்கு 24. எல்லோரும் அதையே செய்து அனுப்புவார்கள், எல்லாம் ஒரே ஆள் நடப்பதுபோல இருக்கும். நீங்கள் கூத்துப் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள், அண்ணாவியாரை வரைந்திருக்கிறீர்கள். கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு உண்டு. அரசன் களரிக்கு, அதாவது கூத்து ஆடுமிடத்துக்கு, வருகிற அடியும் கட்டியகாரன் வருகிற அடியும் ஒன்றா? முகம், உடுப்பு இல்லாமல் வெறும் கோட்டு உருவமாக அந்த இரண்டு வரவையும் நடத்திக் காட்டுங்கள். யார் அரசன் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். இந்த நாட்டில் வேறு எந்த விண்ணப்பதாரியும் இதை அனுப்பப்போவதில்லை.

இரண்டாவது, அந்தப் பஸ் நிலைய அம்மா. பஸ் வருகிறது. அவ காலை இறக்கி, செருப்பைத் தேடி, பையை எடுத்துக்கொண்டு எழும்புகிறா. அவ்வளவுதான், வேறு கதை வேண்டாம். 15 செக்கன். காலால் செருப்பைத் துழாவுகிற அந்த இடத்தில் கண் எங்கே பார்க்கிறது என்பதில் கவனமாக இருங்கள். பஸ்ஸைத்தான் பார்க்கும், காலைப் பார்க்காது. மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்த யாருடையவாவது குரலில் எட்டு செக்கன் தமிழ் வசனம், வாய் அசைவோடு. அம்மா போனில் நியமனத்துக்குப் போடச் சொல்கிறதையே பதிவு செய்யலாம், அவவிடம் கேட்டுவிட்டு.

வர்ணம் பூச வேண்டாம், பின்னணி வேண்டாம், பாட்டு வேண்டவே வேண்டாம். நல்லதை முதலில் வையுங்கள். கடைசிவரை பார்ப்பார்கள் என்று நம்பாதீர்கள். அரைகுறையாக மூன்று நிமிடம் செய்தவர்களைவிட, முடித்து 20 செக்கன் செய்தவர்களைத்தான் நான் கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரிடமாவது காட்டுங்கள், தொழில் தெரிந்தவராக இருக்கவேண்டுமென்றில்லை. பக்கத்து அறைப் பிள்ளை "இவ ஏன் மிதக்கிறா?" என்று கேட்டால், அது "பர மதி"தான்.

கருவி பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். க்ரிட்டா, ஓப்பன்டூன்ஸ், ப்ளெண்டர் மூன்று மென்பொருளும் இலவசம். ப்ளெண்டருக்குள்ளேயே கையால் வரைகிற கிரீஸ் பென்சில் வசதியும் இருக்கிறது. இலவசம் என்றால் தரக்குறைவு என்று யாராவது சொன்னால், 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வாங்கிய லத்வியப் படம் ஃப்ளோ ப்ளெண்டரில் செய்யப்பட்டது என்று சொல்லுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் திரையில்லாத சின்னப் பேனா டப்லெட் ஒன்றை விலை பேசி வாங்குங்கள். திரை உள்ளது இப்போது தேவையில்லை. பழகும்வரை கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போகும், இரண்டு கிழமையில் சரியாகிவிடும்.

டிப்ளோமா: சங்கிலியைக் கழற்ற வேண்டாம். கட்டாயம் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால், சேர முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "போன வருடம் முடித்தவர்கள் செய்த வீடியோவைக் காட்டுங்கள், படிப்பிக்கிறவர் செய்த வேலையைக் காட்டுங்கள்" என்று. இரண்டையும் தயங்காமல் காட்டுகிற இடம் என்றால் யோசிக்கலாம். நிலையத்துக்குச் சொந்தமான கொம்பியூட்டர் எத்தனை என்று காட்டினால் சேராமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த 30 செக்கன் டெஸ்ட் விஷயத்தில் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. கையால் வரைந்தால் 30 செக்கன் என்பது 360 படம். அது டெஸ்ட் இல்லை, வேலை. ஆயத்தமாகக் கோர்த்த பொம்மை உருவங்களை வைத்துச் செய்தாலும் அனுபவமுள்ள ஒருவருக்கே ஒரு கிழமை போகும். நியாயமான டெஸ்ட் ஒன்று மூன்று, நான்கு செக்கன்தான் கேட்கும், ஒன்றிரண்டு நாளில் முடியும், அவர்களுடைய வாடிக்கையாளரின் சின்னமோ பொருளோ அதில் இருக்காது. இனிமேல் நீளமாகக் கேட்டால், "ஐந்து செக்கன் செய்து தருகிறேன், மிச்சத்துக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் அனுப்பியது எங்காவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.

சம்பளமில்லாத மூன்று மாதமும் வேண்டாம். வெள்ளவத்தை அறை வாடகையை யார் கட்டுவது? சின்னத் தொகை தந்து, உங்களை ஒரு மூத்தவருக்குப் பக்கத்தில் இருத்துகிற இடமென்றால் போங்கள். வேலை கிடைக்கும்போது நியமனக் கடிதம் கேளுங்கள், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டி, அவர்கள் 12 சதவீதம் போடவேண்டும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் தனி. "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால் அது இல்லை என்று அர்த்தம். வெளிநாட்டு வேலையை வீட்டிலிருந்து செய்வதும் இருக்கிறது. அது இரண்டு வருடம் யாராவது பக்கத்திலிருந்து திருத்திய பிறகு. அப்போது வரியையும் மனதில் வையுங்கள்: 2025 ஏப்ரலில் இருந்து வங்கி வழியாக வருகிற வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, கூடியது 15 சதவீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் வரை விலக்கு.

ஒன்பது மாதம் உங்களுக்கு மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலை நிறுத்தம் செய்ததோடு, ஓடிடி நிறுவனங்களும் செலவைக் குறைத்தன. 2025 பெப்ரவரியில் படங்களுக்குக் கணினிக் காட்சிகள் செய்த டெக்னிகலர் என்ற பெரிய நிறுவனம் விழுந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் உங்களோடு அதே வரிசையில் நிற்கிற காலம் இது.

அத்தான் சொன்னதில் பாதி சரி. புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்குகிற வேலைகள் இருந்தனவே, இடைப்படம் வரைவது, பின்னணிக்கு வர்ணம் போடுவது, அவைதான் முதலில் மெஷினுக்குப் போகின்றன. ஏணியின் கீழ்ப்படியை வெட்டியதுபோல. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் மேசைக்கு வருகிற வேலையில் பாதி திருத்தம். "எல்லாம் நல்லா இருக்கு, அந்த அம்மா எழும்புறதை மட்டும் கொஞ்சம் அலுத்துக்கொண்டு எழும்ப வையுங்கோ" என்பார்கள். அலுப்பை எத்தனை சட்டகம் சுணக்கினால் வரும் என்று தெரிந்த ஆள் அப்போதும் தேவைப்படுகிறார். அத்தானிடம் வாதாட வேண்டாம், மூன்று மாதம் கழித்து வீடியோவைக் காட்டுங்கள்.

சிங்களம் படியுங்கள். இதில் கௌரவப் பிரச்சினை பார்க்காதீர்கள், வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் கதைத்தாலும் ஸ்டூடியோ மேசையில் பகிடியும் திருத்தமும் சிங்களத்தில்தான் நடக்கும். பக்கத்து மேசையில் சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்து விளங்கினால் அதுவே பாதிப் படிப்பு. எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்த மொழி அது.

அம்மா விஷயத்தில் சில பேருக்கு என் பதில் பிடிக்காமல் போகலாம். நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் போடுங்கள். போட்டால் ஆசையை விட்டுக்கொடுத்ததாகாது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். சம்பளம் மாதம் முடிய வரும். பின்னேரம் உங்களுடையது, ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் வரையக் கிடைக்கிற வேலை கொழும்பில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதோடு முப்பது பிள்ளைகள் அசைந்துகொண்டே இருக்கிற வகுப்பறையைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. ஆனால் முதல் நியமனம் பெரும்பாலும் கஷ்டப் பிரதேசத்துக்குத்தான் வரும். இணையமும் மின்சாரமும் ஒழுங்காக இருக்கிற இடமா, போய்வரவே நாள் போய்விடுமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இது எதுவும் கோரப்படும்வரை, அம்மாவிடம் "போடுறன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். போனும் கொஞ்சம் குறையும்.

அந்த அம்மா எழும்புகிற 15 செக்கனை முதலில் செய்யுங்கள், வெறும் கோட்டில், பிழையோடு. முடிந்ததும் இதே முகவரிக்கு எம்பி4 கோப்பாக அனுப்புங்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். "ஃபைனல் ஃபைனல் 3" என்று வருகிறவற்றில் எது யாருடையதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.